பாம்பின் வெப்பமும் மனிதனின் பொறுப்பும்

மார்கழி மாதத்துக் காலை நேரத்தில் வேலி ஓரமாக நடந்து செல்பவர்கள் ஒரு காட்சியைக் கண்டிருப்பார்கள். கதிரவன் மேலெழுந்து வெயில் சற்றே உறைக்கத் தொடங்கும்போது, வேலிக் கம்பின் உச்சியில் ஓர் ஓணான் வந்து அமர்கிறது. உடலைத் தட்டையாக்கிக்கொண்டு, முதுகை வெயிலுக்குக் காட்டியவாறு அசையாமல் இருக்கிறது. அரை மணி நேரம் சென்றபின் அதன் அருகில் போய்ப் பாருங்கள். கண் இமைக்கும் நேரத்தில் ஓடி மறைந்துவிடும். நண்பகலில் அதே கம்பில் அதைக் காண முடியாது. எங்கோ ஓர் இலையின் நிழலில் ஒதுங்கியிருக்கும். வெயில் தணிந்த பிறகு மீண்டும் வெளியே வரும்.

இதை நாம் சோம்பல் என்றும் விளையாட்டு என்றும் எண்ணிவிடுகிறோம். உண்மையில் அந்த ஓணான் தன் வாழ்வுக்கு இன்றியமையாத ஒரு தொழிலைச் செய்துகொண்டிருக்கிறது. தன் உடலின் வெப்பத்தை அது அளந்து, வேண்டிய மட்டும் பெற்று, மிகுந்தபோது விலகிச் செல்கிறது. இத்தொழிலில் ஓணானுக்கு உறவினர் பலர். அவர்களுள் ஒருவராகிய பாம்பைப் பற்றியும், அப்பாம்பை மனிதன் ஒரு பெட்டிக்குள் வைத்து வளர்க்கும்போது அவன் மேல் விழுகின்ற பொறுப்பைப் பற்றியும் இன்று சில செய்திகளைக் கூற விரும்புகிறேன்.

நம்முடைய உடல் ஓர் அடுப்பைப் போன்றது. நாம் உண்ணும் உணவில் பெரும்பகுதி விறகாக எரிந்து, உடலை ஏறத்தாழ 37 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் வைத்திருக்கிறது. இமயத்தின் பனியில் நின்றாலும் இராமநாதபுரத்து வெயிலில் நின்றாலும் இந்த அளவு அதிகம் மாறுவதில்லை. பறவைகளும் பாலூட்டிகளும் இவ்வாறே வாழ்கின்றன. பாம்புக்கு இத்தகைய அடுப்பு கிடையாது. அதற்கு வேண்டிய வெப்பம் வெளியிலிருந்தே வரவேண்டும். சூரியனிடமிருந்தோ, சூரியனால் சூடேறிய மண்ணிலிருந்தோ, கல்லிலிருந்தோ வரவேண்டும். அதனால்தான் அதற்கு உணவும் குறைவாகவே போதுமானதாக இருக்கிறது. ஒத்த எடையுள்ள ஒரு பாலூட்டிக்கு வேண்டிய உணவில் பத்தில் ஒரு பங்கைக் கொண்டே ஊர்வன இனத்துப் பிராணி வாழ்ந்துவிடும். அடுப்பு எரிக்காத வீட்டுக்கு விறகுச் செலவு இல்லை அல்லவா?

பாம்பைக் 'குளிர் இரத்தப் பிராணி' என்று பாடப் புத்தகங்களில் படித்திருக்கிறோம். இச்சொல் நம்மைச் சற்றே ஏமாற்றக்கூடியது. வெயிலில் காய்ந்து வந்த பாம்பின் இரத்தம் நம் இரத்தத்துக்கு ஏறத்தாழ ஒப்பான வெப்பத்தில் இருக்கலாம். அதன் இரத்தம் குளிர்ந்தது என்பதைவிட, வெப்பத்தைக் கடன் வாங்கி வாழ்வது என்று கூறுவதே பொருந்தும். அந்தக் கடனை எங்கே வாங்குவது, எவ்வளவு வாங்குவது, எப்போது நிறுத்துவது என்பதெல்லாம் பாம்பின் கையில்தான் இருக்கிறது. பாம்புக்குக் கை இல்லையே என்று நீங்கள் நகைக்கலாம். ஆயினும் இடம்விட்டு இடம் நகரும் ஆற்றல் இருக்கிறதே, அதுவே அதன் கை.

இந்த உண்மையை அறிவியல் உலகம் தெளிவாக உணர்ந்தது சென்ற நூற்றாண்டின் இடைப்பகுதியில்தான். 1944ஆம் ஆண்டில் ரேமண்ட் கௌல்ஸ், சார்லஸ் போகர்ட் என்னும் இரு அமெரிக்க விஞ்ஞானிகள், பாலைவனத்தில் வாழும் பல்லிகளையும் பாம்புகளையும் ஆராய்ந்து ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். பாலைவனப் பிராணி எவ்வளவு வெப்பத்தையும் தாங்கும் என்றே அதுவரை பலர் எண்ணியிருந்தனர். அது தவறு என்று இவர்கள் காட்டினார்கள். வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறிச் சென்று, அப்பிராணிகள் தம் உடல் வெப்பத்தைக் குறுகிய ஓர் எல்லைக்குள் காத்துக்கொள்கின்றன. நிழலுக்குச் செல்லும் வழியை அடைத்துவிட்டால், பாலைவனத்திலேயே பிறந்து வளர்ந்த பிராணியும் பாலைவன வெயிலில் விரைவில் மடிந்துவிடும்.

இதைவிடச் சுவையான செய்தி ஒன்று 1989ஆம் ஆண்டில் வெளிவந்தது. கலிஃபோர்னியாவின் வடபகுதியில் ஈகிள் ஏரி என்று ஓர் ஏரி உள்ளது. அதன் கரையில் கார்ட்டர் பாம்பு என்னும் சிறு பாம்பினம் கற்களுக்கு அடியில் தங்கி வாழ்கிறது. ரேமண்ட் ஹியூயி என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய தோழர்களும் அப்பாம்புகளின் உடலுக்குள் சிறு வானொலிக் கருவிகளைப் பொருத்தி, அவற்றின் வெப்பத்தைத் தொலைவிலிருந்தே அறிந்து வந்தார்கள். கரையில் மெல்லிய கற்களும் உண்டு, பருத்த பாறைகளும் உண்டு. மெல்லிய கல் நண்பகலில் அடியிலிருக்கும் பாம்பைக் கொல்லும் அளவுக்குச் சூடேறுகிறது. இரவில் முழுதும் குளிர்ந்துவிடுகிறது. மிகப் பருத்த பாறையின் அடியிலோ எந்நேரமும் குளிர்தான். இடைப்பட்ட பருமனுள்ள கல், அதாவது 20 சென்டிமீட்டர் முதல் 40 சென்டிமீட்டர் வரை தடிப்புள்ள கல், பாம்பு விரும்பும் 28 முதல் 32 டிகிரி வெப்பத்தை நெடுநேரம் தருகிறது. பாம்புகள் எந்தக் கல்லைத் தேர்ந்தெடுத்தன? பெரும்பாலும் இந்த இடைத்தரமான கல்லையே தேர்ந்தெடுத்தன. அளவுகோலும் இல்லை, வெப்பமானியும் இல்லை. ஆயினும் தனக்கேற்ற வீட்டைப் பாம்பு அறிந்திருக்கிறது.

பாம்பினத்தில் தானே வெப்பம் உண்டாக்குவது ஒன்றுகூட இல்லையா என்று யாரேனும் வினவலாம். ஒரு விதிவிலக்கு உண்டு. அதன் கதை நம் நாட்டோடும் தொடர்புடையது. லமார்-பிக்கோ என்ற பிரெஞ்சு இயற்கை ஆராய்ச்சியாளர், இந்தியாவின் மலைப்பாம்பு தன் முட்டைகளைச் சுற்றிப் படுத்து வெப்பமூட்டி அடைகாக்கிறது என்று 1832ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து அறிஞர்களிடம் கூறினார். அவர்கள் அதை நம்பவில்லை. பாம்பாவது வெப்பம் தருவதாவது என்று ஒதுக்கிவிட்டார்கள். 1841இல் பாரிஸ் விலங்குக்காட்சி சாலையிலேயே ஓர் ஆசிய மலைப்பாம்பு முட்டையிட்டு அடைகாத்தது. வாலன்சியேன் என்ற விஞ்ஞானி வெப்பமானியை வைத்துப் பார்த்து, அதன் உடல் சுற்றுப்புறத்தைவிட வெதுவெதுப்பாக இருந்ததை உறுதி செய்தார். பின்னர் 1966இல் நியூயார்க் நகரில் நடந்த ஆராய்ச்சி, தாய்ப்பாம்பு தன் தசைகளை இடைவிடாது துடிக்கச் செய்து இவ்வெப்பத்தை உண்டாக்குகிறது என்று விளக்கியது. குளிரில் நமக்கு உடல் நடுங்குவது போன்ற செயலே இது. ஆனால் இஃது அடைகாக்கும் தாய்க்கு மட்டும் உரிய அரிய ஆற்றல். அதுவும் சில மலைப்பாம்பு இனங்களில் மட்டுமே காணப்படுவது. மற்ற நாட்களில் அந்தத் தாயும் வெயிலையும் நிழலையும் நம்பியே வாழ்கிறாள்.

இனி, காட்டை விட்டு ஒரு வீட்டுக்குள் செல்வோம். அந்த வீடு இங்கிலாந்திலோ ஜெர்மனியிலோ அமெரிக்காவின் வடபகுதியிலோ இருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அந்நாடுகளில் நாயையும் பூனையையும் போலப் பாம்பையும் வீட்டில் வளர்க்கும் வழக்கம் பரவியிருக்கிறது. அவ்வாறு வளர்க்கப்படுபவற்றுள் மிகவும் புகழ்பெற்ற ஒன்று 'பால் பைதான்' என்னும் சிறு மலைப்பாம்பு. அச்சம் தோன்றினால் தலையை நடுவில் மறைத்துக்கொண்டு பந்து போலச் சுருண்டுகொள்வதால் அதற்கு இப்பெயர் வந்தது. செனகல் முதல் உகாண்டா வரை பரந்து கிடக்கும் மேற்கு, மத்திய ஆப்பிரிக்கப் புல்வெளிகள் அதன் தாயகம். எலி வளைகளிலும் கரையான் புற்றுகளிலும் பகலைக் கழித்து, இரவில் இரை தேடும். நன்கு பேணப்பட்டால் இருபது, முப்பது ஆண்டுகள் உயிர் வாழும்.

வெளியே பனி பெய்துகொண்டிருக்கிறது. ஆப்பிரிக்கப் புல்வெளியின் பிள்ளை ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் இருக்கிறது. அதன் கல், புற்று, வளை, வெயில், நிழல் ஆகிய அனைத்தும் பறிபோய்விட்டன. அதனிடமிருந்து நாம் பறித்தவற்றுள் மிகப் பெரியது எது? வெப்பம் என்று உடனே கூறத் தோன்றும். அது பாதி விடைதான். வெப்பத்தைத் தேர்ந்தெடுக்கும் உரிமையையே நாம் பறித்திருக்கிறோம். ஆகவே நாம் திருப்பித் தர வேண்டியதும் அந்த உரிமையையே ஆகும். பெட்டி முழுவதையும் ஒரே வெப்பத்தில் சூடாக்கிவிட்டு, கடமை முடிந்தது என்று இருப்பவர், பாம்புக்கு வெயிலை மட்டும் தந்து நிழலை மறுத்தவர் ஆவார்.

இதனால்தான் அனுபவமுள்ளவர்கள் பெட்டியின் ஒரு கோடியை மட்டும் சூடாக்குகிறார்கள். பால் பைதானுக்கு வெப்பமான கோடியில் 31 அல்லது 32 டிகிரியும், மறுகோடியில் 25 அல்லது 26 டிகிரியும் இருக்குமாறு அமைக்கிறார்கள். இடையில் வெப்பம் படிப்படியாகக் குறைந்துகொண்டே செல்கிறது. ஒரு சாய்தளத்தின் மேலிருந்து கீழே இறங்குவது போல. அமெரிக்காவின் தென்கிழக்குப் பகுதியைச் சேர்ந்த, மக்காச்சோளத்தின் பெயரைத் தாங்கிய 'கார்ன் பாம்பு' என்னும் இனத்துக்கு இந்த அளவுகள் சற்றே குறைய வேண்டும். ஒவ்வோர் இனத்துக்கும் அதன் தாயகத்தை ஒட்டிய கணக்கு உண்டு. உலகில் ஏறத்தாழ 4,000 பாம்பினங்கள் இருக்க, எல்லாவற்றுக்கும் ஒரே எண்ணைச் சொல்ல இயலாது. ஆனால் பெட்டிக்குள் ஒரு வெயிலும் ஒரு நிழலும் வேண்டும் என்ற விதி, இவ்வாறு வளர்க்கப்படும் எல்லாப் பாம்புக்கும் பொது. பெட்டி மிகச் சிறியதாயின் இரு கோடிகளும் ஒன்றாகிவிடும். ஆதலால் இடவசதியும் வெப்பக் கட்டுப்பாட்டின் ஒரு பகுதியே.

இங்கே பலர் மறந்துவிடும் நுட்பம் ஒன்று உண்டு. பாம்பு அச்சம் மிகுந்த பிராணி. ஒளிந்துகொள்ள ஓரிடம் குளிர்ந்த கோடியில் மட்டும் இருந்தால், அது குளிரிலேயே கிடந்து நோயுறும். வெப்பமான கோடியில் மட்டும் இருந்தால், வெப்பம் மிகுந்தாலும் வெளியே வராமல் வேகும். உயிருக்கு அஞ்சி ஒளிந்திருப்பவன் பசியைப் பொருட்படுத்தாதது போல, அச்சமுற்ற பாம்பு வெப்பத்தைப் பொருட்படுத்துவதில்லை. ஆகவே இரு கோடிகளிலும் உடல் நுழையும் அளவுக்கு இருண்ட பொந்து ஒவ்வொன்று அமைக்க வேண்டும். அச்சமின்றித் தேர்ந்தெடுக்க முடிந்தால்தான் அது தேர்வு எனப்படும்.

வெப்பம் குறைந்தால் என்ன ஆகும்? முதலில் செரிமானம் கெடுகிறது. பாம்பு இரையை மென்று தின்பதில்லை, முழுதாக விழுங்குகிறது. ஒரு முழு எலியை எலும்போடும் மயிரோடும் கரைப்பது எளிய செயல் அன்று. இரை விழுங்கிய மலைப்பாம்பின் உள்ளுறுப்புகள் ஓரிரு நாட்களில் வியக்கத்தக்க வகையில் பருத்து, முழு வேகத்தில் இயங்கத் தொடங்குகின்றன. பர்மிய மலைப்பாம்பின் இதயமே இரண்டு மூன்று நாட்களில் 40 விழுக்காடு பருத்துவிடுகிறது என்று 2005இல் வெளியான ஆராய்ச்சி காட்டியது. இத்தனைக்கும் வெப்பம் வேண்டும். இரை உண்ட பாம்பு வெதுவெதுப்பான இடத்தை நாடிச் செல்வதன் காரணம் இதுவே. வெப்பம் கிட்டாவிட்டால் இரை வயிற்றிலேயே அழுகும். பாம்பு அதைக் கக்கிவிடும். நெடுநாள் குளிரில் கிடந்தால் நோயை எதிர்க்கும் வலிமையும் குன்றி, நுரையீரலில் நோய் பற்றும். வாயைத் திறந்து மூச்சு விடுவதும், மூக்கிலும் வாயிலும் சளிக் குமிழிகள் தோன்றுவதும் அதன் அடையாளங்கள்.

வெப்பம் மிகுந்தாலோ கேடு இன்னும் விரைவாக வருகிறது. குளிர் பல நாட்களில் செய்யும் தீமையை, மிகுந்த வெப்பம் சில நிமிடங்களில் செய்துவிடும். உடல் வெப்பம் 40 டிகிரியைத் தாண்டுமானால் பெரும்பாலான பாம்புகளுக்கு உயிருக்கே ஆபத்து. கண்ணாடிப் பெட்டியை 'இயற்கை வெயில் படட்டும்' என்று சன்னலருகே வைப்பவர்கள் நல்லெண்ணத்தோடுதான் வைக்கிறார்கள். ஆனால் கண்ணாடி வெயிலை உள்ளே விட்டு, சூடேறிய காற்றை வெளியே விடாமல் அடைத்துக்கொள்கிறது. பூட்டிய மோட்டார் காரினுள் நண்பகலில் நேர்வது என்ன என்பதை நாம் அறிவோம். பெட்டிக்குள்ளும் அதுவே நேர்கிறது. தப்பிச் செல்ல நிழல் இல்லை.

மற்றொரு தீமை தீக்காயம். பாம்பின் வயிற்றுப்புறம் சூடான பரப்பில் பட்டால், நாம் கையை உதறி எடுப்பது போல அது உடனே விலகிச் செல்வதில்லை. தோல் வெந்து, செதில்கள் உதிரும் வரை அங்கேயே படுத்துக் கிடந்த பாம்புகளை விலங்கு மருத்துவர்கள் பலமுறை கண்டிருக்கிறார்கள். வியப்பு என்னவெனில், பால் பைதானின் மேலுதட்டில் இருக்கும் சிறு குழிகள் இருளிலும் ஓர் எலியின் உடல் வெப்பத்தை உணரவல்லவை. முன்னே செல்லும் எலியின் சூட்டை அறிந்த பிராணி, தன் வயிற்றின் கீழுள்ள சூட்டுக்கு விலகாமல் கிடக்கிறது! எலி வளையின் தரை ஒருபோதும் அடுப்புக் கல்லைப் போலச் சுடுவதில்லை. அத்தகைய ஆபத்தை அதன் முன்னோர்கள் சந்திக்கவும் இல்லை. மேலும், பெட்டியின் காற்று முழுவதும் குளிர்ந்திருந்தால், முதுகு குளிரில் விறைக்கும் பாம்பு, சூடுள்ள அந்த ஒரே இடத்தை விட்டு நகராது. வயிறு வேகும், முதுகு விறைக்கும். ஒருகாலத்தில் பெரிதும் விற்பனையான மின்சாரச் 'சுடுகல்' என்னும் பொருளை இன்று அறிந்தவர்கள் விலக்குவதற்குக் காரணம் இதுவே.

அப்படியானால் எந்தக் கருவி நல்லது? ஒவ்வொன்றிலும் நன்மையும் உண்டு, தீமையும் உண்டு. மேலிருந்து வெப்பம் தரும் விளக்கு, சூரியனைப் போன்றே செயற்படுகிறது. தரையையும் காற்றையும் ஒருங்கே சூடாக்குகிறது. ஆனால் அதன் ஒளி இரவிலும் விழுந்தால் இரவில் நடமாடும் பாம்புக்குப் பகலிரவு தெரியாமல் போகும். ஒளியின்றி வெப்பம் மட்டும் தரும் பீங்கான் சூடேற்றிகள் இதற்கு ஏற்றவை; ஆனால் அவற்றின் மேற்பரப்பு தண்ணீர் கொதிக்கும் சூட்டைக் காட்டிலும் மிக மிகுந்த சூட்டை அடைகிறது. விளக்காயினும் பீங்கானாயினும், பெட்டிக்குள் வைத்தால் சுற்றிலும் கம்பிவலைக் கூடு அமைத்தே தீர வேண்டும். பாம்பு வெதுவெதுப்பை நாடி அதன்மேல் சுற்றிக்கொள்ளும். பெட்டிக்கு அடியில் விரிக்கும் மின்சார வெப்பப் பாய் மலிவானது. தரையின் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் அது பரவலாகாது. அதன்மேல் மரத்தூளையோ மண்ணையோ ஆழமாகக் குவித்தால் வெப்பம் மேலே வராமல் அடியில் தேங்கும். குளிர்கிறதே என்று பாம்பு மண்ணைத் துளைத்துக்கொண்டு இறங்கினால், கொதிக்கும் கண்ணாடியில் போய்ப் படுத்துவிடும்.

எந்தக் கருவியை வைத்தாலும், காவலன் இல்லாமல் வைக்கக் கூடாது. அந்தக் காவலனுக்குத் தெர்மாஸ்டாட் என்று பெயர். அதன் வேலை எளிது: குறித்த வெப்பம் வந்தவுடன் மின்சாரத்தைக் குறைக்கும் அல்லது நிறுத்தும்; வெப்பம் தாழ்ந்தால் மீண்டும் தரும். இக்கருத்து நானூறு ஆண்டுப் பழமை உடையது. ஹாலந்து நாட்டில் 1572இல் பிறந்து, இங்கிலாந்தில் வாழ்ந்த கார்னேலியஸ் டிரெபல் என்பவர், கோழி முட்டைகளைப் பொரிக்க ஓர் அடுப்புப் பெட்டி செய்தார். பெட்டியின் சூடு மிகுந்தால் உள்ளே இருக்கும் திரவம் விரிந்து பாதரசத்தை உயர்த்தும், அது காற்று வழியை மூடும், தீ தணியும். சூடு குறைந்தால் வழி திறக்கும்; தீ மூளும். மனிதர் அருகில் இல்லாமலே அடுப்பு தன்னைத் தானே அடக்கிக்கொண்டது. நம் வீடுகளில் உள்ள தானியங்கி மின்சார இஸ்திரிப் பெட்டியிலும் இக்கொள்கையே வேலை செய்கிறது. வெவ்வேறு அளவில் விரியும் இரண்டு உலோகங்களை ஒட்டிச் செய்த பட்டை, சூடேறியதும் ஒரு பக்கமாக வளைந்து மின்னோட்டத்தைத் துண்டிக்கிறது. இன்றைய பாம்புப் பெட்டிகளில் மின்னணு முறையில் அமைந்த காவலர்கள் இருக்கின்றனர். கருவி மாறியதே ஒழிய கருத்து மாறவில்லை.

ஆனால் காவலனையும் நாம் காவல் காக்க வேண்டியிருக்கிறது. தெர்மாஸ்டாட்டிலிருந்து ஒரு மெல்லிய கம்பி நீண்டு, அதன் முனையில் வெப்பத்தை உணரும் உறுப்பு ஒன்று இருக்கும். அது எங்கே இருக்கிறதோ அந்த இடத்தின் வெப்பத்தையே தெர்மாஸ்டாட் அறியும், வேறொன்றையும் அறியாது. நள்ளிரவில் பாம்பு ஊர்ந்து செல்கையில் அந்த முனையை இழுத்துக் குளிர்ந்த கோடியில் தள்ளிவிடுகிறது என்று கொள்வோம். முனைக்குக் குளிர் தெரிகிறது. தெர்மாஸ்டாட் உடனே, 'இன்னும் சூடு வேண்டும்' என்று மின்சாரத்தைத் திறந்துவிடுகிறது. எவ்வளவு சூடேறினாலும் முனைக்குக் குளிர்தான்! விடிவதற்குள் பெட்டியின் மறுகோடி அடுப்பாகிவிடும். கருவி பழுதாகவில்லை, தன் கடமையைத் தவறாமல் செய்தது. பொய்யான செய்தியைக் கேட்டு மெய்யாக உழைத்தது, அவ்வளவே. அரசனுக்கு ஒற்றன் தவறான செய்தி கொண்டுவந்தால் நாட்டுக்கு நேரும் கதி இதுவே அன்றோ?

ஆதலால் அறிவுடையோர் சில முன்னெச்சரிக்கைகளை மேற்கொள்கிறார்கள். உணரும் முனையைப் பாம்பு அசைக்க முடியாதவாறு உறுதியாகப் பொருத்துகிறார்கள். பாம்பின் தோலில் பட்டு அது காயம் உண்டாக்கும் என்பதால் ஒட்டுத்தாளைப் பெட்டிக்குள் பயன்படுத்துவதில்லை. தெர்மாஸ்டாட்டில் தெரியும் எண்ணை மட்டும் நம்பாமல், அதனோடு தொடர்பற்ற வெப்பமானிகள் இரண்டை இரு கோடிகளிலும் வைத்து, நாள்தோறும் பார்க்கிறார்கள். கையால் தொட்டுப் பார்த்துச் சரியென்று முடிவு செய்வதில்லை. ஏனெனில் நம் கையே 30 டிகிரிக்கு மேற்பட்ட சூடுடையது. பாம்புக்கு இதமான கல் நம் கைக்குச் சூடில்லாதது போலவே தோன்றும். எல்லாவற்றுக்கும் மேலாக, பெட்டியை முதலில் சில நாட்கள் வெறுமையாகவே இயக்கிப் பார்த்து, வெப்பம் நிலைபெற்ற பின்னரே பாம்பை உள்ளே விடுகிறார்கள். வீட்டைக் கட்டிக் குடிபுகுவதுதான் முறை. குடிபுகுந்த பிறகு கட்டுவது அன்று.

வெப்பத்தின் தோழனாகிய ஈரத்தையும் ஒரு சொல்லால் நினைவூட்ட வேண்டும். சூடாக்கிய காற்று வறண்டு போகும். வறட்சியில் பாம்புக்குச் சட்டை உரிப்பது கடினமாகிறது. தோல் துண்டு துண்டாகக் கிழிந்து, கண்ணின் மேல் ஒட்டிக்கொள்ளும். ஒரு பாத்திரம் நிறையத் தூய நீரும், ஈரமான பாசி வைத்த ஒரு பொந்தும் இதைத் தவிர்க்கும். மின்சாரம் நின்றுபோகும் நாளையும் எண்ணிப் பார்க்க வேண்டும். குளிர்காலத்தில் மின்சாரம் நின்றால், பெட்டியைக் கம்பளியால் போர்த்தி, சூடான நீர் நிரப்பிய புட்டியைத் துணியில் சுற்றி ஓர் ஓரத்தில் வைத்தால் சில மணி நேரம் சமாளிக்கலாம். அந்த நேரத்தில் பாம்புக்கு இரை கொடுக்கலாகாது. செரிக்க வெப்பம் இல்லாதபோது உணவும் நஞ்சாகும்.

மாணவ நண்பர்களே! இவற்றையெல்லாம் கேட்டு, நாமும் ஒரு பாம்பைப் பிடித்து வளர்த்துப் பார்ப்போமே என்று யாரும் எண்ணிவிட வேண்டா. நம் நாட்டுப் பாம்புகளைப் பிடிப்பதையும் வீட்டில் வைத்திருப்பதையும் 1972ஆம் ஆண்டின் வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டம் தடை செய்கிறது. பால் பைதான் போல, சர்வதேச ஒப்பந்தப் பட்டியலில் இடம்பெற்ற வெளிநாட்டு உயிரினங்களை வைத்திருப்போரும் அரசிடம் பதிவு செய்ய வேண்டும் என்று 2022இல் அச்சட்டம் திருத்தப்பட்டது. நமக்கு வேறு வழி இருக்கிறது. சென்னைக் கிண்டியில் 1972இல் தொடங்கப்பட்ட பாம்புப் பண்ணை இருக்கிறது. அங்கே செல்லும்போது, கூண்டின் முன்நின்று, 'இது ஏன் இப்படி அசையாமல் கிடக்கிறது?' என்று கண்ணாடியைத் தட்டாதீர்கள். அது எந்த இடத்தில் படுத்திருக்கிறது என்று பாருங்கள். வெயிலிலா, நிழலிலா, நீருக்கருகிலா? மணி என்ன என்று பாருங்கள். அரை மணி கழித்து மீண்டும் வந்து பாருங்கள். நம் ஊரில் சித்திரை வெயில் 40 டிகிரியைத் தொடும்போது, ஐரோப்பியர் விளக்கை வைத்துச் செய்யும் வேலையை நாம் நிழலும் நீரும் வைத்துச் செய்ய வேண்டியிருக்கிறது என்பது விளங்கும். அங்கே வெயிலைத் தேடித் தர வேண்டும். இங்கே நிழலைத் தேடித் தர வேண்டும். கடமை ஒன்றே.

நாய்க்குப் பசித்தால் குரைக்கும். பசுவுக்கு வலித்தால் கதறும். பாம்புக்கு முறையிடும் குரல் இல்லை. குளிரால் நோயுற்றாலும், சூட்டால் வெந்தாலும், அது பேசாமலே கிடக்கும், பேசாமலே இறக்கும். குரலற்ற பிராணியைப் பேணுபவன், அதன் குறையைக் காதால் கேட்க முடியாது. அறிவால்தான் அறிய வேண்டும். வெப்பமானியைத் தினமும் பார்க்கும் அந்தச் சிறு பழக்கம், காணும் கண்ணுக்கு ஓர் அற்பச் செயலாகத் தோன்றலாம். ஆனால் அந்தப் பெட்டிக்குள் இருக்கும் உயிருக்குக் காலையில் சூரியன் உதிப்பதும் மாலையில் மறைவதும் அந்தப் பழக்கத்தைப் பொறுத்தே இருக்கின்றன.

ஓர் உயிரை அடைத்து வைத்தவன், அதன் வானத்தையும் ஏற்றுக்கொண்டவன் ஆகிறான். நாளைக் காலை வேலியின் மேல் வெயில் காயும் ஓணானைக் கண்டால், கல்லெறியக் கை நீளும் முன் ஒரு கணம் நின்று பாருங்கள். யாருடைய தயவையும் வேண்டாமல், தனக்கு வேண்டிய வெயிலைத் தானே தேர்ந்துகொள்ளும் அந்தச் சிறு பிராணியின் உரிமை எவ்வளவு பெரியது என்பது அப்போது விளங்கும்.